ஆவணியில் திறந்த சுவர்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதங்களில் நான் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போனில் கதைக்கும்போது நீங்கள் "எல்லாம் ஓகே பிள்ளை" என்கிறீர்கள். நானும் "எல்லாம் ஓகே அம்மா" என்கிறேன். அதற்குள் நீங்கள் வேலை செய்கிற சுரங்கத்து இன்டர்நெட் இழுபட்டு உங்கள் முகம் வாய் திறந்தபடியே உறைந்துவிடுகிறது. ஆகவே நான் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். டைப் பண்ண வேண்டாம்.

நாங்கள் சுகம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, ஆனால் வேலையில் பஸ் ஓட்டும்போது தொண்டையைச் செருமும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. உங்கள் சுகம் எப்படி? முழங்காலுக்குத் தைலம் பூசுகிறீர்களா?

நல்ல செய்தி: நாங்கள் வாங்கப் பார்த்த ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்கு, கேட்ட விலைக்கே விற்பவர்கள் ஓம் சொல்லிவிட்டார்கள். அப்பா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் சும்மா நின்றார். எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். சுரங்க ஆலையில் மில் மாற்றுகிற வேலை கோடையில்தான் என்றீர்கள். அப்படியானால் ஏன் ஜனவரியிலேயே அந்தக் குளிருக்குள் போனீர்கள்? ஜியோகிரபி ரீச்சர் கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

உங்கள் அன்பு மகள்,
கம்சிகா


சுரங்க முகாம், வடக்குக் கனடா
9 மார்ச் 2025

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்காலுக்குத் தைலம் பூசுகிறேன். பக்கத்து அறைப் பெண் மணம் பிடித்து வந்து கேட்டு, இப்போது அவளும் பூசுகிறாள்.

உன் ரீச்சருக்கு இப்படிச் சொல்லு. இங்கே வர நல்ல ரோட்டு இல்லை. மாரியில் ஏரிகள் உறைந்த பிறகு அந்தப் பனிக்கட்டிக்கு மேலே ஒரு லொறிப் பாதை போடுவார்கள். பாரமான சாமான் எல்லாம் அந்தச் சில கிழமைகளுக்குள் வந்துவிட வேண்டும். பனி இளகினால் பாதை ஏரிக்குள் போய்விடும். விட்டால் அடுத்த வருடம்தான்.

ஆனால் வந்த சாமானை உடனே பூட்டவும் ஏலாது. கல் அரைக்கிற மில் ஒரு வீட்டின் அளவு. புதியதை உள்ளே கொண்டுபோக ஆலையின் ஒரு பக்கச் சுவரையே கழற்ற வேண்டும். இந்தக் குளிரில் சுவரைத் திறந்தால் உள்ளே ஓடுகிற குழாய்த் தண்ணீர் எல்லாம் உறைந்து வெடிக்கும். ஆகவே மாரியில் இறக்கி, கோடையில் பூட்டி, அடுத்த குளிருக்கு முதல் சுவரை மூட வேண்டும். இரண்டு பருவத்தையும் முடிச்சுப் போடுகிற ஆள் ஒருவர் தேவை. இந்த முறை அது உன் அம்மா.

மில்லின் பெரிய துண்டு நேற்று வந்து சேர்ந்தது. லொறி ஏரியைக் கடக்கும்போது பனிக்கட்டி முனகுகிற சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கரை ஏறியதும் எல்லோரும் கை தட்டினார்கள், நான் மூக்கைச் சிந்தினேன். குளிர்தான்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


ஈஸ்ட் ஹாம்
23 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னேன். ரீச்சர் என்னைக் கேட்டா: "உன் அம்மா லொறி ஓட்டுபவரா?" இல்லை, லொறி எப்போது ஓட வேண்டும் என்று சொல்பவர் என்றேன். அதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் உயரமாகிவிட்டது போல் இருந்தது.

போன ஞாயிறு அருமைநாயகி மாமி ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்திருந்தா. அப்பாவின் அக்கா என்பதால் வந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தா. பிறகு, பெண்சாதியைக் கல்லுடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டுத் தம்பி மரக்கறியை வாட விடுகிறான் என்றா. நீங்கள் கல் உடைப்பதில்லை, ஆலைக்கு நாள் குறிக்கிறீர்கள் என்று விளங்கப்படுத்தினேன். நாள் குறிப்பது என்றதும் மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆலையைத் தொடங்குகிற அன்று ராகு காலம் இல்லாத நேரமாகத் தான் பார்த்துத் தருவதாகச் சொல்லச் சொன்னா. அங்கே கோடையில் இருபது மணித்தியாலம் வெயில் என்றேன். மாமி விரல் மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அங்கே ராகு காலமே இரண்டரை மணித்தியாலம் வரும், பாவம் சனங்கள் என்றா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
கம்சிகா


ஈஸ்ட் ஹாம்
1 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகம் என நம்புகிறேன். நாங்களும் சுகம்.

இங்கே மழை. நூலகத்தில் துருவப் பிரதேசம் பற்றி இரண்டு புத்தகம் எடுத்தேன். கணிதத்தில் நல்ல புள்ளி. அப்பா மீன் குழம்பு வைத்தார், உப்பு அளவாக இருந்தது. வேறு செய்தி, புதினம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
கம்சிகா


சுரங்க முகாம்
8 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

நான் சுகம். பனி முழுதாகக் கரைந்துவிட்டது. நுளம்புக் கடிதான் பெரிய தொல்லை.

உன் கடிதத்தில் மழை இருக்கிறது, உப்பு இருக்கிறது. வீடு மட்டும் இல்லை. இதற்கு முதல் வேறு புதினம் இல்லை என்று நீ ஒரு நாளும் எழுதியதில்லை. வீட்டு அலுவல் குழம்பிவிட்டதா? அப்பாவைப் போனில் கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அன்று அவருக்கு லீவு.

உள்ளதைச் சொல்லு பிள்ளை.

அம்மா


ஈஸ்ட் ஹாம்
9 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நுளம்புக்கு நீளக் கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இப்போது உள்ளதை எழுதுகிறேன். அப்பா எழுத வேண்டாம் என்றார், ஆனால் நான் கொடுத்த வாக்கு அதற்கு முந்தியது.

வீடு குழம்பவில்லை. சரியாக வருகிறது, அதுதான் பிரச்சினை. ஜூலைக் கடைசியில் வீட்டுத் திறப்பைக் கையில் தருவார்களாம். அது ஆடி மாதம், பால் காய்ச்சக் கூடாது. இந்த வாடகை வீட்டையோ ஓகஸ்ட் முடிய விடவேண்டும், வீட்டுக்காரர் விற்கப் போகிறார். ஆகவே ஆவணி பிறந்த பிறகு, ஓகஸ்ட் முடிவதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் வைக்க வேண்டும். மாமி பார்த்துச் சொன்ன நாள் ஓகஸ்ட் 28, வியாழக்கிழமை. உங்கள் ஆலையின் சுவர் திறந்திருக்கும் என்று நீங்கள் போனில் சொன்ன வாரம்.

மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்டுக்காரி இல்லாத வீட்டிலை என்ன குடிபூரல் தம்பி? பால் ஆருக்குப் பொங்குறது?" மாமி போன பிறகு அப்பா என்னிடம், "அம்மாவுக்குத் தெரிஞ்சால் வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவா. அவ இந்த வேலைக்கு எத்தினை வருசம் காத்திருந்தவ. நீ வாயைத் திறக்காதை," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதிவிட்டேன்.

கம்சிகா


சுரங்க முகாம்
6 ஜூலை 2025

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

நானும் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு மாதமாக எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நீ மறைத்ததைச் சொன்னாய். நானும் சொல்ல வேண்டும்.

நீ எழுதிய அதே கிழமையில் பிளாண்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆலை நன்றாக ஓடுகிறது, பழைய மில்லையே இன்னும் கொஞ்ச நாள் ஓட விட்டால் இந்த வருட உற்பத்திக் கணக்கு வடிவாக இருக்கும், சுவர் திறக்கிற வேலையை ஒக்டோபருக்குத் தள்ளலாமா என்று கேட்டார். பெரிய கூடாரம் அடித்து, ஹீட்டர் வைத்துச் சமாளிக்கலாமாம். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒக்டோபரில் இங்கே உறைபனி. ஹீட்டர் ஒன்று நின்றால் குழாய்கள் போய்விடும், ஆலை மாரி முழுதும் படுத்துவிடும். உள்ளே நிற்கிற ஆட்களுக்கும் ஆபத்து. இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஆனால் கம்சி, ஒக்டோபர் என்று ஒத்துக்கொண்டால் ஓகஸ்ட் முழுதும் நான் லண்டனில். என் வீட்டில் என் கையால் பால் காய்ச்சலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், கேட்டது மேனேஜர்தானே. நான் சம்மதம் என்று ஒரு ஈமெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை கூட்டம்.

பிள்ளைக்கு எழுதுகிற விசயமா இது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அம்மா


ஈஸ்ட் ஹாம்
6 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். உங்கள் கடிதம் வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நான் எழுதினால் அது பொய். எனக்குப் பரவாயில்லை இல்லை. நீங்கள் அந்த வாசலில் என்ன சீலை உடுத்து நிற்பீர்கள் என்றுகூட நினைத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் வகுப்பில் நான் எழும்பி நின்று சொன்னது உங்களைப் பற்றி. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தெரிந்தவர் என்று சொன்னேன். பிழையென்று தெரிந்துகொண்டே ஒக்டோபரில் சுவரைத் திறக்கச் சம்மதித்துவிட்டு நீங்கள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றால், நான் பாலைப் பார்க்க மாட்டேன், அங்கே திறந்திருக்கப் போகிற சுவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். போட்டோ எல்லாவற்றிலும் எங்கள் இரண்டு பேருடைய முகமும் கோணலாக இருக்கும்.

அப்பாவிடம் உங்கள் கடிதத்தையும் இதையும் காட்டினேன். அவர் சொல்லைக் கேட்காமல் எழுதியதற்குப் பேச்சு விழும் என்று நினைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஒக்டோபர் எண்டால் என்ர பெஞ்சாதி ஓம் எண்டு சொல்லமாட்டா. இதையும் கீழை எழுது," என்றார். எழுதிவிட்டேன்.

பாலை நான் காய்ச்சுகிறேன். பெண்பிள்ளை காய்ச்சலாமாம், மாமியிடம் கேட்டேன். மனமில்லாமல்தான் ஓம் என்றா.

உங்கள் மகள்,
கம்சிகா


சுரங்க முகாம்
13 ஜூலை 2025

அன்பு மகளுக்கும் அவளின் அப்பாவுக்கும்,

சுகம். உங்கள் சுகமும் அதுவே ஆகட்டும்.

கூட்டத்தில் ஒக்டோபர் வேலைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் என்றேன். ஓகஸ்டில் பிந்தினால் யார் பொறுப்பு என்று மேனேஜர் கேட்டார். நான் என்றேன். பிறகு அறைக்கு வந்து அந்த ஈமெயிலை அழித்தேன்.

ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி பழைய மில்லை நிற்பாட்டுகிறோம். இனிக் கொஞ்சக் காலம் எழுத மாட்டேன். எழுதாவிட்டால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
29 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மேலே புது முகவரி எழுதியிருக்கிறேன், பாருங்கள். எல்லோரும் சுகம். நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா? சுவர் திறந்துவிட்டதா? பதில் வேண்டாம், கேட்டு வைக்கிறேன்.

நேற்றுக் காலை குடிபூரல் நடந்தது. நல்ல நேரம் ஒன்றரை மணித்தியாலம்தான். சாமிப்படம், மஞ்சள், உப்பு, நிறைகுடம் எல்லாம் ஒழுங்கு. மாமி அப்டன் பார்க் கடையில் வாங்கிய புதுப் பித்தளைப் பானைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தா. நான் பாலை ஊற்றி அடுப்பில் வைத்து, கும்பிட்டு, பொத்தானை அழுத்தினேன். அடுப்பு மூன்று தரம் கத்திவிட்டு அணைந்தது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் கத்தியது. வந்தவர்கள் எல்லோரும் குசினி வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அம்மா, அது இன்டக்ஷன் அடுப்பு. அதில் காந்தம் ஒட்டுகிற சட்டிதான் சுடும். பித்தளை சுடாது. முதல் நாள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பளபளப்பாக்கியவள் நான்தான். எங்கள் வீட்டு அடுப்பு எவ்வளவு புது மாதிரி என்று பெருமைப்பட்டேனே தவிர, பானையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இரும்புச் சட்டியில் காய்ச்சலாம் என்று அப்பா சொன்னார். கறி காய்ச்சிய சட்டியிலா என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அப்பா புதுச் சட்டி வாங்கக் கார்த் திறப்பைத் தேடினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரி இல்லாத வீடு என்று மாமி இப்போது சொல்லப் போகிறா, அதைக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

மாமியைக் காணவில்லை. வெளியே போய்த் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, தைப்பொங்கலுக்குக் கோயில் முற்றத்தில் வைக்கிற சின்னக் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தா. இரண்டு காஸ் ரின்னும் கையில். "என்ன பார்க்கிறியள்? தம்பி பெஞ்சாதி வத்சலா நிண்டிருந்தால் முதல் நாளே எல்லாத்தையும் பார்த்திருப்பாள். அவள் இல்லை எண்டுதானே நான் கொண்டந்தனான்," என்றா. மாமி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்றா. பானையை நான்தான் வைத்தேன்.

பால் பொங்கியது. எந்தப் பக்கம் வழிந்தது என்று சண்டை. அப்பா கிழக்கு என்றார். நான் போனில் திசைகாட்டியைப் பார்த்தேன், வடமேற்கு. எல்லோருக்கும் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு நான் சொன்னேன், அம்மா நிற்பதும் அந்தப் பக்கம்தான். மாமி, "அப்ப சரி, பால் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னா.

உங்களுக்கென்று ஒரு கப்பில் பால் எடுத்து வைத்தோம். பிறகு அதை அப்பா குடித்தார்.

உங்கள் அன்பு மகள்,
கம்சிகா


சுரங்க முகாம்
14 செப்டெம்பர் 2025

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

நான் சுகம். மெலிந்துவிட்டேன், பயப்படாதே, என் மச்சாளின், உன் மாமியின், சமையலில் சரியாகிவிடும்.

உன் கடிதம் வந்த அன்று நாங்கள் திட்டத்துக்கு நான்கு நாள் பிந்தியிருந்தோம். காற்று அடித்ததில் கிரேன் வேலை செய்ய முடியவில்லை. சுவர் திறந்தபடி. இரவில் தண்ணீர் ஓரமாக மெல்லிய பனி பிடிக்கத் தொடங்கியது. பொறுப்பு நான் என்று சொன்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மச்சாளின் காஸ் அடுப்பை வாசித்தேன். தனியாக இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். என்னோடு வேலை செய்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இந்த அம்மாவை எங்கள் பிளானிங் ரீமுக்கு எடுக்க முடியுமா என்று ஒருவர் கேட்கிறார். அவவிடம் சொல்லு.

அடுத்த நாள் காற்று விட்டது. புது மில் உள்ளே போனது. சுவரின் கடைசித் தகட்டை ஒன்பதாம் திகதி பூட்டினோம். அடுத்த நாள் மில்லைத் தொடங்குகிற பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார்கள். கால் வழியாக அதிர்வு ஏறியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வந்து சொல்கிறேன். ராகு காலமா என்று பார்க்கவில்லை, இதை மட்டும் மச்சாளிடம் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை முதல் பனி விழுந்தது. மேனேஜர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மூடிய சுவர், அதன் மேல் வெள்ளையாகப் பனி.

இருபத்தோராம் திகதி இரவு ஹீத்ரோவில் இறங்குவேன்.

அன்புடன்,
அம்மா


ஃபாரஸ்ட் கேட்
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் இப்போது ஆகாயத்தில். சுகமாக வந்து சேர வேண்டும். இதை அனுப்பப் போவதில்லை, கையில் தருவேன்.

உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன், நீங்கள் வேண்டாம் என்றதை விட்டுவிட்டு. நேற்றுக் கோயிலில் யாரோ உங்களை எங்கே என்று கேட்டபோது, "என்ர தம்பியின்ர பெஞ்சாதி ஒரு ஆலையின்ர சுவரையே கழட்டி, பனி விழ முதல் திரும்பப் பூட்டினவள்," என்றா. கேட்டவ வேறு எதையோ கேட்கத் தொடங்க, மாமி திரும்பவும் முதலிலிருந்து சொன்னா. நான் பக்கத்தில் நின்று பிழை திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது பின்னேரம். விமான நிலையத்துக்குப் புறப்படுகிறோம். அப்பா வீட்டை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். பால்தான் நீங்கள் இல்லாமல் பொங்கிவிட்டது. கதவை நீங்களே திறக்க வேண்டும், உள்ளே வந்து இன்றைய முதல் லைட்டை நீங்களே போட வேண்டும். அதுவரை வீடு இருட்டாக இருக்கட்டும்.

மாமி சண்டைக்கு வருவா என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டை இருட்டாக விடுவதா என்று முணுமுணுத்தா. சாமியறையைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "சரி, அவளின்ர வீடு. அவள் வந்து வைக்கட்டும்," என்றா.

உங்கள் திறப்பு என் பொக்கற்றில் இருக்கிறது. மேல்மாடியை நான் பார்த்தேன், முன்னறையை அப்பா பார்த்தார், குசினியை மாமி பார்த்தா. எல்லா லைட்டும் அணைத்தாயிற்று.